நிறைவுச் சான்றிதழ் இல்லாத சங்கு

மணல்திட்டுச் சங்கு பதினோரு வருஷம் ஒரு நாள்கூட நிற்காமல் வேலை செய்தது. அதனால் அதைச் செய்த ஜெயசீலிக்கு அனுபவம் இல்லை என்று பேரிடர்த் தொழில்நுட்பக் கொள்முதல் இயக்ககம் முடிவு செய்தது. கடிதம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவள் சென்னைக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுடைய கோபம் முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தது. வாயிற்காவலர் அதற்கும் ஒரு பார்வையாளர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனார்கள்.

சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை. மில்லில் ஊதுவார்களே, அந்தச் சங்கு. மணல்திட்டு என்பது கருவேட்டாற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. கரைக்கு வர ஒரே ஒரு தரைப்பாலம். மேலே மதகில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஜெயசீலி எழுதிய புரோகிராம் ஊரில் சங்கை ஊதும். அது ஊதி நாற்பதாவது நிமிஷம் பாலம் மூழ்கும். அதற்குள் கிழவர், குழந்தை, ஆடு, மாடு எல்லாம் கரையேறிவிட வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒன்பது தடவை ஊதியது. ஒன்பது தடவையும் ஊர் முழுக்கக் கரையேறியது. ஒரு கோழியைக் காணோம் என்று ஒரு புகார் உண்டு. அந்தக் கோழியும் பிறகு வந்துவிட்டது.

அவளுடைய தங்கை அமலோற்பவம் பிறந்த அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அமலியின் புருஷன் இடுப்பு முறிந்து மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. கட்டிலோடு அவரைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அவருக்கு நாற்பது நிமிஷம் சரியாக இருக்கும். முப்பது என்றால் போதாது.

பழைய ஒப்பந்தம் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு முடியும். புது ஒப்பந்தப்புள்ளியை மூன்று மணிக்கு முடிவு செய்வார்கள். சொந்தச் சங்கைத் தானே ஊதுவதற்கு ஜெயசீலி விண்ணப்பம் போட்டிருந்தாள்.

இயக்ககத்தின் வாசல் சுவரில் ‘வெள்ளம் வருமுன்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. மீதிக்கு டெண்டர் விட்டிருந்தார்கள்.

அலுவலர் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அவள் பாதி தூரம் போனபோது ஒரு ஊழியர் வந்து சுவரில் ஒரு தாளை ஒட்டினார். திருத்தம் ஒன்பது. தாழ்வாரத்தின் நீளம் நாற்பது மீட்டர் என்பதை நானூறு மீட்டர் என்று வாசிக்கவும். ஜெயசீலி வாசித்தாள். பிறகு மீதி முந்நூற்று எண்பது மீட்டரையும் நடந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. முட்டி வலி வேறு.

செயற்பொறியாளர் மாசிலாமணி நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். நல்ல மனிதர்போல இருக்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு பச்சை பீரோ நின்றது. அது பிரிவுக் கண்காணிப்பாளர் கோதண்டம். போன மார்ச் மாதம் கணக்காண்டு முடிகிற அன்று பீரோவாகிவிட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்ததால் அப்படியே வைத்திருந்தார்கள்.

"உக்காருங்கம்மா. முடிச்ச வேலை ஏதாவது காட்டுங்க" என்றார் மாசிலாமணி.

"மணல்திட்டுச் சங்கு சார். பதினோரு வருஷமா ஓடுது."

"ஓடுதுங்கறீங்க. முடிஞ்சுதா?"

"ஓடிக்கிட்டிருக்கு சார். அது எப்படி முடியும்?"

"அதான் பிரச்சனை. இதே மாதிரி மூணு வேலை முடிச்சிருக்கணும். ஒண்ணுக்கு ஒரு நிறைவுச் சான்றிதழ். நீங்க ஒண்ணுகூட முடிக்கலை."

"நல்லா வேலை செய்யறதுனாலதான் முடியலை."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் வெண்ணெய்க்கு நெய் ஆன அனுபவம் இல்லை என்று தள்ளிவைக்கிறவர்கள்.

மாசிலாமணி எழுந்து கோதண்டத்தைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். கோதண்டம் லேசாக இருமினார்.

"ஒரு வழி இருக்கு. இதுல கையெழுத்துப் போடுங்க. சங்கை இப்பவே நிறுத்திடலாம். நின்னா முடிஞ்ச மாதிரி. அஞ்சு நிமிஷத்துல சான்றிதழ் தரேன்."

"மேல மலையில மழை பேயுது சார்."

"மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை மடித்துக் கோதண்டத்துக்குள் வைத்துப் பூட்டினார். "வெளியில உக்காருங்க. ரெண்டு மணிக்குக் கூட்டம்" என்றார்.

தாழ்வாரத்தின் மறுமுனையில், வாசலோரப் பெஞ்சில் இன்னொரு போட்டியாளர் உட்கார்ந்திருந்தது. கருவேட்டாறு.

ஜெயசீலி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சிறுபிள்ளையில் அதில்தான் குளித்தாள். பெஞ்சின் முக்கால்வாசியை அது எடுத்துக்கொண்டிருந்தது. காவி நிறம். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. மடியில் ஒரு கோப்பு. நல்லவேளையாகக் கோப்புக்கு லேமினேஷன் செய்திருந்தார்கள். ஒரு பியூன் வந்து, "மேடம், காபியா டீயா?" என்று ஆற்றைக் கேட்டான். ஜெயசீலியை எவனும் கேட்கவில்லை.

"நீ எதுக்கு வந்த?" என்றாள் ஜெயசீலி.

"கூப்பிட்டாங்க. வந்தேன்" என்றது ஆறு.

"வெள்ளம் வருதுன்னு சொல்ற வேலைக்கா?"

"எனக்கு அதெல்லாம் வெவரம் தெரியாதும்மா. மேல பேஞ்சா நான் வாறேன். தகுதி இருக்குதுன்னாங்க."

"நீ இங்க உக்காந்திருந்தா அங்க யாரு ஓடறது?"

"இப்ப யாரும் இல்லை. மணல்தான் கெடக்கு. எழுந்தாத்தான் போவேன்."

ஜெயசீலி இதைக் கேட்டுக்கொண்டாள். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவள் போன் அடித்தது. அமலி.

"அக்கா, தாசில்தார் ஆபீஸ்லேருந்து வந்தாங்க. சங்கு வாயில அரக்கு வச்சு சீல் வச்சிட்டாங்க."

"கரண்ட்டு?"

"அதையும் புடுங்கிட்டாங்க. புதுசு வருதாமே. பெரிய கம்பெனியாமே. ஊரே சந்தோசமா இருக்கு."

ஜெயசீலி நானூறு மீட்டரையும் மறுபடி கடந்து மாசிலாமணி முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. "சங்கு நின்னுடுச்சு சார். இப்ப குடுங்க நிறைவுச் சான்றிதழ்."

மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார். "இது நின்னதில்லையேம்மா. காலாவதி. நீங்களா நிறுத்தியிருந்தா நிறைவு. தானா நின்னா காலாவதி. காலையிலேயே சொன்னேன், கேட்டீங்களா?"

நாசமாய்ப் போக. அவள் அதை வாய்விட்டே சொன்னாள். மாசிலாமணி குறிப்பேட்டில் ‘நாசமாய்ப் போக’ என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தார்.

கூட்டம் மாசிலாமணியின் அறையிலேயே இரண்டு மணிக்குத் தொடங்கியது. ஆலோசகர் தீரஜ் இடுப்புக்கு மேலே இங்கே இருந்தார். இடுப்புக்குக் கீழே டெல்லியில் வேறொரு கூட்டத்தில் இருந்தார். யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. இப்போதெல்லாம் ஆலோசகர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

"மார்க்கெட் எங்க போயிட்டிருக்குன்னு பாருங்க மேடம்" என்றார் தீரஜ். "சென்ட்ரல்ல எந்த டெண்டர் எடுத்தாலும் இப்ப ஏஐ கேக்கறாங்க. உங்க சங்குல ஏஐ இருக்கா?"

"தண்ணி ஏறினா ஊதும்" என்றாள் ஜெயசீலி.

"அதுக்கு மேல?"

"எறங்கினா நிக்கும்."

"அதுவா யோசிக்குமா?"

"யோசிக்காது. யோசிச்சா லேட்டாகும்."

தீரஜ் ‘யோசிப்பதில்லை’ என்று எழுதிப் பூஜ்யம் போட்டார். "டேஷ்போர்டு?"

"அங்க இருக்கறவங்களுக்குக் காது இருக்கு. போதும்."

அதற்கும் பூஜ்யம்.

பிறகு ஆற்றை அழைத்தார்கள். ஆறு ஒரே ஒரு ஸ்லைடு காட்டியது. திரை முழுக்கக் காவி நிறம். ஒரு ஓரத்தில் ஒரு கூரையின் நுனி தெரிந்தது. குழு உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

"இதான் வேணும்" என்றார் தீரஜ். "ஒரே நேரத்துல பதினெட்டு ஊரைக் கவர் பண்றாங்க. மேன்பவர் கெடையாது. மெயின்டனன்ஸ் கெடையாது. சொந்தமா முடிவெடுக்கறாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்."

"எச்சரிக்கைன்னா முன்னாடி சொல்லணும் சார். வந்தப்புறம் சொல்றது எச்சரிக்கையா?" என்றாள் ஜெயசீலி.

"முன்னாடின்னு எங்க போட்டிருக்கு? பக்கம் சொல்லுங்க" என்றார் மாசிலாமணி.

ஆவணம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவள் புரட்டினாள். எச்சரிக்கை என்பது நூற்று ஆறு இடத்தில் இருந்தது. முன்னாடி என்பது எங்குமே இல்லை. அதை யாருக்கோ அளவெடுத்துத்தான் தைத்திருக்கிறார்கள். அந்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

"அனுபவச் சான்றிதழைப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா. எல்லாம் வெளிப்படையாத்தான் நடக்குது" என்றார் மாசிலாமணி.

ஆற்றின் கோப்பில் மூன்று நிறைவுச் சான்றிதழ்கள் இருந்தன. மூன்றும் மணல்திட்டுக்கானவை. மூன்றிலும் கோபுர முத்திரை. ‘பணி முழுமையாகவும் திருப்திகரமாகவும் நிறைவேற்றப்பட்டது.’ நடுவில் இருந்தது தொண்ணூற்றிரண்டாம் வருஷத்தது. கீழே பயனாளிகள் என்று ஒரு பட்டியல். அறுபத்தோரு பேர். பத்தொன்பதாவது பெயர் சவரியம்மாள், வயது நாற்பத்தாறு.

சவரியம்மாள் ஜெயசீலியின் அம்மா.

அந்த வெள்ளத்தின்போது அமலிக்குப் பதினாலு வயது. இரண்டு பெண்களையும் புளியமரத்தில் ஏற்றிவிட்டு, ஆட்டை அவிழ்க்கிறேன் என்று அம்மா திரும்பிப் போனாள். ஆடு நீந்திக் கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு ஜெயசீலி படித்ததும், வேலைக்குப் போனதும், வேலையை விட்டதும், அந்தச் சங்கைக் கட்டியதும் எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான். இந்தப் படுபாவிகள் அம்மாவைப் பயனாளி என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஜெயசீலிக்கு மாசிலாமணியின் மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் என்று இருந்தது. தூக்கியும் பார்த்தாள். மேசை தரையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முன்பே நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள்.

"இது எங்கம்மா" என்றாள் ஆற்றிடம்.

ஆறு பட்டியலைப் பார்த்தது. "எனக்குப் பேரெல்லாம் தெரியாதும்மா. அவங்க எழுதிக்கிட்டாங்க" என்றது. அது பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மணி இரண்டு ஐம்பது. மேற்கே மலையில் மழை வலுத்திருக்க வேண்டும். ஆறு நாற்காலியில் கொஞ்சம் பருத்திருந்தது. அதன் மடியிலிருந்த கோப்பு இப்போது மார்புக்கு வந்திருந்தது. நாற்காலிக் கால்கள் முனகின.

"ஆக, ஒருமனதா முடிவு" என்றார் மாசிலாமணி. "மூணு மணிக்குப் பணி ஆணை. மேடம், நீங்க வாங்கிட்டு உடனே கெளம்பி வேலையை ஆரம்பிச்சிடலாம்."

ஆறு எழுந்திருக்கத் தயாராகச் செருப்பைத் தேடியது.

அப்போதுதான் ஜெயசீலிக்கு அந்தப் பேச்சு உறைத்தது. எழுந்தாத்தான் போவேன். ஆறு உட்கார்ந்திருக்கிறவரை மணல்திட்டைச் சுற்றி வெறும் மணல்தான். அவள் ஆவணத்தை அவசரமாகப் புரட்டினாள். இத்தனை வருஷம் அரசு அலுவலகங்களில் கால் தேய்த்தவளுக்கு எந்த விதி எந்த மூலையில் இருக்கும் என்று தெரியும். பிரிவு பத்தொன்பது. தோற்ற போட்டியாளர் கேள்வி எழுப்பினால் எழுத்தில் பதில் தரும்வரை ஆணை வழங்கக் கூடாது. அதுவரை வென்றவரும் கேட்டவரும் இருக்கையை விட்டு எழக் கூடாது.

"எனக்குக் கேள்வி இருக்கு" என்றாள்.

மாசிலாமணியின் முகம் முதல்முறையாக வாடியது. "எத்தனை?"

"பார்ப்போம்."

ஆறு மறுபடி உட்கார்ந்தது.

"கேள்வி ஒண்ணு. எதைப் பத்தி எச்சரிக்கணுமோ அதுவே எச்சரிக்கலாமா?"

மாசிலாமணி எழுதினார். எழுதியதைக் கோதண்டத்துக்குள் வைத்து மூடினார். உள்ளே கோதண்டம் நிதானமாகப் படிக்கிற சத்தம் கேட்டது. நான்கு நிமிஷம் கழித்துக் கதவு தானாகத் திறந்தது. "கொடுக்கலாம். ஒருங்கிணைந்த சேவை. சின்னச் சின்ன ஒப்பந்தமா இல்லாம எல்லாத்தையும் ஒருத்தர்கிட்டயே குடுக்கறதுதான் இப்ப கொள்கை" என்று மாசிலாமணி வாசித்தார்.

"கேள்வி ரெண்டு. என் சங்கு நாப்பது நிமிஷம் முன்னாடி ஊதுது. இவங்க எத்தனை நிமிஷம்?"

மறுபடி கோதண்டம். மறுபடி நான்கு நிமிஷம்.

"பூஜ்யம்."

"அப்ப எப்படி இவங்களுக்கு?"

"உங்களுது நாப்பது. இவங்களுது பூஜ்யம். ரெண்டுல எதும்மா கொறச்சல்? கொறச்சலாப் போட்டவங்களுக்குத்தான் குடுக்கணும். அதான் சட்டம்."

தீரஜின் மேல்பாதி தலையாட்டியது.

ஒரு கேள்விக்கு நாலு நிமிஷம். பத்துக் கேள்வி கேட்டால் நாற்பது நிமிஷம். அந்தக் கணக்கு போதும் என்று ஜெயசீலி நினைத்தாள். மூன்றாவது கேள்வி கோதண்டத்துக்குள் போனதும் தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"அமலி, ஊரைக் கெளப்பு. மச்சானைக் கட்டிலோட தூக்கச் சொல்லு. இப்பவே பாலத்தைத் தாண்டுங்க."

"எதுக்குக்கா? ஆத்துல தண்ணியே இல்லை. புள்ளைங்க கிரிக்கெட் ஆடுது."

"தண்ணி இங்க என் பக்கத்துல உக்காந்திருக்கு. எழுந்தா வந்துரும்."

மறுமுனையில் அமலி யாரிடமோ ஏதோ கேட்டாள். யாரோ சிரித்தார்கள்.

"சங்கு ஊதலையேக்கா" என்றாள் அமலி.

"சங்கு வாயில சீல் வச்சிருக்குடி."

"புதுச் சங்கு ஊதும்னு சொல்லியிருக்காங்கல்ல. நீதானக்கா ஊரைக் கூட்டி வச்சு சத்தியம் பண்ணச் சொன்ன? எவன் என்ன வதந்தி சொன்னாலும் நம்பாதீங்க, சங்கு ஊதினாத்தான் நகரணும், சங்கு பொய் சொல்லாதுன்னு. பதினோரு வருசமா அப்படித்தான இருக்கோம்."

அது ஜெயசீலி சொன்னதுதான். ஒரு வார்த்தை மாறாமல் அவள் சொன்னதுதான்.

"நான் சொல்றேன்டி. உன் அக்கா சொல்றேன். அம்மா மேல ஆணை."

"நீ சொல்றது எனக்குப் புரியுது. நாலு ஆள் வேணுமேக்கா. கேட்டேன். சங்கு ஊதட்டும், வர்றோம்னு சொல்றாங்க. அவரை நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்?"

"நீயாவது போடி."

"சாப்பிட்டியாக்கா?" என்று அமலி கேட்டாள். பிறகு அவருக்குக் கஞ்சி ஊட்ட நேரமாகிவிட்டது என்று போனை வைத்தாள்.

ஓடிப்போய் அவளே அந்தக் கட்டிலில் ஒரு பக்கம் பிடித்திருப்பாள். எழுந்தால் கேள்வி தள்ளுபடி. கேள்வி போனால் ஆணை. ஆணை வந்தால் ஆறு எழுந்துவிடும். கோபம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் பார்வையாளர் சீட்டு எப்போதோ காலாவதியாகிவிட்டது. வெளியே போகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

கதவு திறந்தது. மாசிலாமணி மூன்றாவது பதிலை வாசித்தார். அது என்ன பதில் என்று அவள் கேட்கக்கூட இல்லை.

"கேள்வி நாலு" என்றாள்.

பத்தாவது கேள்வியில் ஊழியர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். முப்பதாவது கேள்வியில் மறுநாள் காலை வேலைக்கு வந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் மட்டும் மாறவே இல்லை. மணி மூன்றைத் தொடவில்லை. தீரஜின் மேல்பாதியும் டெல்லிக்குப் போய்விட்டது. ஆறு இப்போது நாற்காலியை நிறைத்து, மேசைக்கு மேலே வளர்ந்து, உத்தரத்தில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கு நடுவிலும் ஜெயசீலி அமலியைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் அமலி ஒரே கேள்வியைக் கேட்டாள். ஊதிடுச்சாக்கா?

"இன்னும் எத்தனைம்மா இருக்கு?" என்றார் மாசிலாமணி. அவர் விரல்களில் மை ஊறியிருந்தது.

"முந்நூத்திப் பன்னண்டு வீடு இருக்கு" என்றாள் ஜெயசீலி.

"அது கேள்வி இல்லையே."

"சரி. கேள்வியாவே கேக்கறேன். எழுதிக்குங்க. மணல்திட்டு, தெற்குத் தெரு, கதவு எண் ஒண்ணு. அந்தோணிசாமி, அவர் சம்சாரம், மூணு பிள்ளைங்க. இவங்க எந்த வழியா தப்பிப்பாங்க?"

மாசிலாமணி எழுதினார். எழுதியதைக் கோதண்டத்துக்குள் வைத்தார். இந்த முறை உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை.

"அடுத்தது. கதவு எண் ரெண்டு" என்றாள் ஜெயசீலி.

அவள் குரல் கட்டியிருந்தது. தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பக்கத்தில் ஆறு உட்கார்ந்திருந்தது. அதனிடம் ஒரு வாய் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு இரண்டாம் எண் வீட்டில் இருக்கிறவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள்.